ஐந்து தகரப் பெட்டிகளும் நூற்று அறுபத்தொரு வாக்குகளும்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் திருவனந்தபுரம் வண்டியைப் பிடித்தேன். தூரம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். மடியிலிருந்த பையில் இருபத்திரண்டு பக்கத் தட்டச்சுப் பிரதி ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைச் சென்னைப் பதிப்பகத்துக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் பிரிட்டிஷ் பொதுத்தேர்தல் பற்றிய அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டு பத்து நாள் ஆகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் எப்படிக் கிடைக்கும்? விடை புத்தகத்தில் இருந்தது. எனக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை. பதிப்பகத்து நண்பர் ஒருவர், "வலியசாலையில் கோமதி என்று ஓர் அம்மாள் இருக்கிறார். பதினெட்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தவர். அங்கே வாக்கு எண்ணவும் போயிருக்கிறார். நேரில் போய்க் கேளும்" என்று கைப்பேசி எண்ணைத் தந்திருந்தார்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தைக் கடந்து களியக்காவிளையில் எல்லை மாறியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. பேச்சு அங்கே சட்டென்று மாறிவிடுவதில்லை. பாறசாலையில் ஏறிய ஒருவர் என்னிடம் தமிழில் மணி கேட்டுவிட்டு, கைப்பேசியில் மலையாளத்தில் யாரையோ திட்டினார். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை வழியாக ஒன்பது இருபதுக்குத் தம்பானூரில் இறங்கினேன்.

"வலியசாலையா சாரே? நாப்பது ரூபா ஆவும், ஒன்வே சுத்திப் போணும்" என்றார் ஆட்டோக்காரர். சொன்னபடியே சுற்றித்தான் போனார்.

கோமதிக்கு ஐம்பத்தெட்டு வயது. மத்திய இங்கிலாந்தில் ஓர் ஊரின் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர். நான் போனபோது கூடத்துத் தரையில் ஐந்து பிஸ்கட் தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மூடியிலும் உளியால் நீளமான வாய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ வாங்கோ. நாளைக்கு எலக்‌ஷன். நீங்க நல்ல நாளாப் பாத்து வந்திருக்கேள்" என்றார்.

நான் பிரிட்டனின் தேர்தலைக் கேட்க வந்திருந்தேன். அவர் சொன்னது நகரத்தில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களின் நலச்சங்கத் தேர்தலை. ஓட்டல், கடை, கட்டட வேலைக்காரர்கள் நானூற்றுச் சொச்சம் பேர் அதில் உறுப்பினர்கள். எந்த அணியிலும் சேராதவர் என்பதால் தேர்தல் அதிகாரி வேலை இவர் தலையில் விழுந்திருந்தது. விதியை எழுதியவரும் இவர்தான்.

"முன்னெல்லாம் ஒரு ஹால்ல எல்லாரையும் கூட்டி கை தூக்கச் சொல்லுவா. பழவங்காடிக் கடைக்காராதான் கிட்டக்க இருக்கா, நெறையா வருவா. கமிட்டிக்கு அஞ்சு பேரும் அவாளே. தூரத்துல கழக்கூட்டத்துல வேலை செய்யறவாளுக்கு நம்மாள்னு ஒருத்தர் கிடையாது. அதனால நான் அங்க பாத்ததை இங்க கொண்டு வந்தேன். நகரத்தை அஞ்சு ஏரியாவாப் பிரிச்சாச்சு. ஒரு ஏரியாவுக்கு ஒருத்தர். அதிக ஓட்டு யாருக்கோ அவர் ஜெயிச்சார். சிம்பிள் ஆக்கும்."

பழவங்காடி, சாலை, கிள்ளிப்பாலம், கரமனை, கழக்கூட்டம் என்று பெட்டிகளில் பெயர் ஒட்டப்பட்டிருந்தது.

பதினோரு மணி வாக்கில் காப்பி கொடுத்துவிட்டு என் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டார். இந்தியக் குடியுரிமையை விடாமலே அவர் அங்கே ஐந்து பொதுத்தேர்தல்களில் வாக்களித்திருக்கிறார். காமன்வெல்த் நாட்டவர் அங்கே குடியிருந்தால் வாக்குரிமை உண்டு. இது எனக்குப் புதிய செய்தி.

"கட்சி பேரெல்லாம் வேண்டாம், கணக்கை மட்டும் சொல்றேன்" என்று பென்சிலை எடுத்தார். "அறுநூத்தம்பது தொகுதி. ஒவ்வொண்ணும் தனித்தனி ஓட்டப் பந்தயம். முதல்ல வந்தவருக்குப் பரிசு, ரெண்டாவது வந்தவருக்கு ஒண்ணுமில்லை. ஒரு ஓட்டுல தோத்தாலும் தோல்வி, ஒரு லட்சம் ஓட்டுல ஜெயிச்சாலும் ஒரு சீட்டுதான். ஒரு கட்சி நாடு முழுக்க எல்லா இடத்துலயும் ரெண்டாவதா வந்தா என்ன ஆகும்?"

"ஒரு இடமும் கிடைக்காது."

"அதான். 2024ல ஒரு கட்சிக்கு ஏழுல ஒரு பங்கு ஓட்டு. கெடச்சது அஞ்சு சீட்டு. அதைவிடக் கம்மியா, எட்டுல ஒரு பங்கு வாங்கின இன்னொரு கட்சிக்கு எழுபத்திரண்டு. முன்னதோட ஓட்டு நாடு பூரா தண்ணி மாதிரிப் பரவிக் கெடந்தது. பின்னது எங்க ஜெயிக்க முடியுமோ அங்க மட்டும் போய் வேலை செஞ்சது. 1951ல பாருங்கோ, நாட்டுலயே அதிக ஓட்டு வாங்கின கட்சி தோத்துப் போச்சு."

"உங்களுக்கு இது அநியாயமாகத் தோன்றவில்லையா?"

"என் தொகுதில நான் இருந்த அத்தனை வருஷமும் ஒரே கட்சிதான். நான் போட்டது ஒருதடவையும் ஜெயிக்கலை. ஆனா ரோட்டுல குழின்னா யாருக்கு லெட்டர் போடணும்னு தெரியும். அது பெரிய விஷயம், கேட்டேளா."

மதியம் பழவங்காடியில் அறை எடுத்தேன், ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது ரூபாய். கணபதி கோயில் முன்னால் பக்தர்கள் தேங்காய் உடைக்கும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. மாலையில் கோமதி சொல்லியனுப்பிய சங்கக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். கீழே அலுவலகம், மேலே ஓர் அறை. மேல் அறை பூட்டியிருந்தது. அதன் வாசலில் நின்று ஒரு பெண் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் செல்வி, வயது முப்பத்தாறு. தம்பானூர் ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டில் வேலை. போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"எங்களுக்கு இந்த ரூம் வேணும் சாரே. அத்ரேயுள்ளு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். "விதுரைப் பக்கம் போற பெண்ணுங்க, ஷிப்ட் முடிய லேட்டானா கடைசி பஸ் போயிரும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் இருக்கணும். நானே எத்தனை தடவை இருந்திருக்கேன். உள்ள என்ன கிடக்கு தெரியுமோ? பழைய பேனரும் கால் ஒடஞ்ச கசேரியும்."

"கேட்டுப் பார்த்தீர்களா?"

"முருகேசன் அண்ணன் கிட்ட மூணு தடவை. பெண்ணுங்க தங்கினா சங்கத்துக்குப் பேர் கெட்டுப் போவுமாம்."

முருகேசன் சங்கத்தின் இப்போதைய தலைவர், பழவங்காடியில் மொத்தக் கடையொன்றின் மேஸ்திரி, தென்காசிக்காரர். அவருடைய கடை அணி ஒன்று, கட்டட வேலைக்காரர்கள் அணி ஒன்று, செல்வியின் அணி ஒன்று. ஐந்து பகுதியிலும் மூன்று அணிகளும் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு வலியசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாக்குப்பதிவு தொடங்கியது. ஐந்து மேசைகள், ஐந்து தகரப் பெட்டிகள். கழக்கூட்டத்திலிருந்து கட்டட வேலைக்காரர்கள் ஒரு டெம்போவில் வந்து இறங்கினார்கள். சமையல்கட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேராக, வேலைக்கு நடுவே அரைமணி அனுமதி வாங்கிக்கொண்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தார்கள். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பென்சிலால் போட்ட கணக்கு முந்தின நாள்தான் கண்முன் நடந்தது. ஆனாலும் கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பதிவு முடிந்தது. கோமதி வேட்பாளர்களை மேசைக்கு எதிரே நிற்கவைத்து, அவர்கள் கை சீட்டில் படாமல், எண்ணுகிறவர்களிடம் எல்லாச் சீட்டையும் முத்திரைப் பக்கம் மேலே தெரியும்படி அடுக்கச் சொன்னார். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. இங்கிலாந்தில் விடியவிடிய நின்று எண்ணிய பழக்கம் அவர் கையில் இருந்தது.

பழவங்காடி: முருகேசன் 41, செல்வி 38, கட்டட அணி 12. முருகேசன் பக்கத்தில் விசில் பறந்தது. சாலை: கடை அணி 36, செல்வி அணி 33, கட்டட அணி 20. கிள்ளிப்பாலம்: அதே வரிசையில் 30, 29, 15. ஒரே ஓட்டு வித்தியாசம். அதை மறுபடி எண்ணச் சொன்னார்கள், எண்ணினார், மாறவில்லை. கரமனையில் கட்டட அணி 35, செல்வி அணி 31, கடை அணி 22. கழக்கூட்டத்தில் கட்டட அணி 48, செல்வி அணி 30, கடை அணி 9.

மூன்றே முக்காலுக்குக் கோமதி கரும்பலகையில் எழுதினார். கடை அணிக்கு மூன்று இடம், கட்டட அணிக்கு இரண்டு. செல்வி அணிக்கு இல்லை.

நான் மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்புப் பிரதியின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். கட்டட அணி நூற்று முப்பது. கடை அணி நூற்று முப்பத்தெட்டு. செல்வி அணி நூற்று அறுபத்தொன்று. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். செல்வியும் ஒரு தாளில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

அவர் மேசைக்கு நடந்து வந்தார். "மாமி, எல்லாம் சேத்தா எங்களுக்குத்தான் கூடுதல். அல்லே?"

"ஆமா செல்வி."

"பின்ன எங்களுக்கு ஒண்ணுகூட இல்லியா?"

"இந்த விதிப்படி இல்லை."

"விதி எழுதினது நீங்கதானே. இப்ப மாத்துங்க."

 கோமதியின் முகம் வெளுத்திருந்தது. "மாத்த மாட்டேன்" என்றார். "எண்ணி முடிச்சப்புறம் விதியை மாத்தினா அதுக்குப் பேரு எலக்‌ஷன் இல்லை. நாளைக்கு இன்னொருத்தர் வந்து உனக்கு எதிரா மாத்துவா. இந்த விதில கையெழுத்துப் போட்டுட்டுத்தானே எல்லாரும் நின்னேள்."

"எங்களுக்குக் கணக்கு தெரியாதுன்னு நெனச்சு வச்சீங்களா?"

கோமதி பேனாவைத் திறந்தார். முடிவுத்தாளில் கையெழுத்திட்டு, நேரம் குறித்து, ஒட்டினார். செல்வி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். முப்பது பெண்களாவது கூடப் போனார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கோமதியோடு அவர் வீட்டுக்குத் திரும்பினேன். அண்ணன் வீட்டில் கொடுத்தனுப்பிய அடை அப்படியே இருந்தது. "அங்ககூட இத்தனை மோசமா நான் பாத்ததில்லை. அதிக ஓட்டு வாங்கினவாளுக்கு ஒரு சீட்டாவது இருக்கும்" என்றார். பிறகு, "நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதினேன். அஞ்சு பெட்டி போதும்னு நெனச்சுட்டேன். யார் எங்க சிதறிக் கெடக்கான்னு பாக்கலை" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல் பிரதியைப் புரட்டினேன். என் பத்து நாள் சிக்கல் அவிழ்ந்துவிட்டிருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் விடைபெறப் போனபோது முருகேசன் அங்கே நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. கடை திறக்கிற நேரம்.

"மாமி, காலையில ஏழு பேரு வந்து சங்கத்துலேந்து விலகுறோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாவ. எல்லாம் பொம்பளையாளுவ. இப்படியே போனா சங்கம்னு என்ன மிச்சம் இருக்கும்? நான் யாருக்குத் தலைவரு? செல்வியைக் கூப்பிடுங்க. கமிட்டியில ஒரு நியமன உறுப்பினர் போடலாம்னு ரூல் இருக்குல்லா, அதை அவளுக்குக் குடுத்துருதேன்."

செல்வி வந்தார். காலைச் சமையல் முடித்த கோலம், தலையில் வலை. முருகேசன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணா."

"ஏம்மா? ஒரு இடம் கிடைக்குதுல்லா?"

"நீங்க குடுத்தா நீங்க எடுப்பீங்க. எண்ணிக் கெடச்ச சீட்டுன்னா யாரும் எடுக்க முடியாது. பொதுக்குழு கூட்டுங்க. விதியை மாத்தறதைப் பத்திப் பேசுவோம். பின்ன, மாடி ரூம் சாவி தாங்க. அதுக்கு ஓட்டு எதுக்கு?"

முருகேசன் கோமதியைப் பார்த்தார். கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார். "மூணு ஓட்டுல ஜெயிச்சவன் ரொம்பப் பேசப்படாது" என்று சொல்லிக்கொண்டே அதை மேசைமேல் வைத்தார். செல்வி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது கோமதியிடம், "மாமி, அந்த மாத்தற விதியை நீங்களே எழுதித் தரணும். நான் எழுதினா மலையாளம் கலந்துரும்" என்றார். கோமதி எழுந்து பேனா தேடப் போனார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, நான் மறுபடி போனேன். அத்தியாயத்தை அனுப்பிவிட்டிருந்தேன். யாரும் அழைக்கவில்லை. பொதுக்குழு எப்படி முடிகிறது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. பதினொன்றரைக்கு அதே மண்டபம். கோமதி எழுதிய திருத்தம் ஒரு பக்கம்தான். பகுதிகள் அப்படியே இருக்கும். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தாமல் ஒன்று, இரண்டு என்று எண் போடலாம். யாருக்கும் பாதி வராவிட்டால் கடைசியில் வந்தவரின் சீட்டுகளை, அவற்றில் இரண்டாவது எண் யாருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேர்த்து எண்ண வேண்டும். இதே முறையைத்தான் பிரிட்டனில் 2011இல் மக்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள்.

வந்திருந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். விதி மாற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருநூற்றெட்டு கை வேண்டும். நூற்று எண்பத்தொரு கை உயர்ந்தது. கட்டட அணித் தலைவர் பாண்டி, கரமனையில் நாலு ஓட்டில் ஜெயித்தவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டாம் நம்பர் வந்தா என் கரமனை சீட்டு காலி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஜெயித்தவர்கள், தங்களை ஜெயிக்கவைத்த விதியை மாற்றக் கை தூக்கவில்லை. முருகேசன் இரண்டு முறை எண்ணவைத்து, "திருத்தம் தோற்றது" என்று படித்தார். எண்ணியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

செல்வி அழுவார் என்று நினைத்தேன். அவர் பாண்டியின் பக்கத்தில் காலியாயிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். இருவரும் கால்மணி பேசினார்கள். இடையில் பாண்டி விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு நான் தம்பானூருக்குக் கிளம்பினேன். செல்விக்கு நாலு மணி ஷிப்ட், கூடவே நடந்து வந்தார். சாலைக் கடைவீதி ஞாயிறானதால் பாதி அடைத்திருந்தது.

"பாண்டி அண்ணன் கிட்ட என்ன பேசினீர்கள்?"

"மாமி அன்னைக்கு உங்க கிட்ட சொன்னதைப் பின்ன எங்க கிட்டயும் சொன்னாங்க. கொறச்சு ஓட்டு வாங்கி எழுபத்திரண்டு சீட்டு எடுத்த கட்சியைப் பத்தி. அதையே நான் இந்த ஆறு வாரமும் ஆலோசிச்சிட்டு இருந்தேன். அடுத்த தடவை கரமனையிலயும் கழக்கூட்டத்துலயும் நாங்க நிக்கல. பழவங்காடி, சாலை, கிள்ளிப்பாலம் மூணுலயும் அவங்க நிக்கல. அவங்க ஓட்டு எங்களுக்கு, எங்க ஓட்டு அவங்களுக்கு."

"ஒப்புக்கொண்டாரா?"

"மூணு இடத்துல மூணாவதா வந்து அவங்களுக்கும் அலுத்து மடுத்துப் போச்சு. ஷரின்னாரு."

"அவர் ஆட்கள் சொன்னபடி உங்களுக்குப் போடுவார்களா?"

"பாதிப் பேரு போட்டு, மீதிப் பேரு வராம இருந்தாலே மதி சாரே" என்றார். பழவங்காடியில் பாண்டி அணிக்கு விழுந்த பன்னிரண்டில் பாதி ஆறு, மூன்று ஓட்டு வித்தியாசத்துக்கு அது போதும். சாலைப் பகுதியில் இருபதில் பாதி பத்து, அங்கும் வித்தியாசம் மூன்று. அவர் தாள் பார்க்காமல் இதையெல்லாம் சொன்னார். நான் மனதில் சரிபார்த்து முடிப்பதற்குள் ஓட்டலின் பின்வாசல் வந்துவிட்டது. தலைவலையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். தேர்தலுக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இருந்தது.

மாடி அறையில் இப்போது ஆறு பாய்கள் இருப்பதாகக் கோமதி சொல்லியிருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. பெண்கள் உறங்கும் இடம்.

நாலே காலுக்கு வண்டி கிளம்பியது. சன்னலோரம் கிடைத்தது. களியக்காவிளை தாண்டியதும் சுவர்களில் போன தேர்தலின் சின்னங்கள் பாதி வெளுத்துத் தமிழில் தெரிந்தன. வாக்களிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடத்தில் என் வாக்கு விழுந்த வேட்பாளர் ஒருவர்கூட வென்றதில்லை. "நீங்க யாருக்குப் போடுறீயளோ அவரு தோத்தாரு" என்று என் மனைவி கேலி செய்வாள். நானும் சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். எங்கள் பகுதியில் என்னைப் போலவே போட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மார்த்தாண்டம் வந்து இறங்கியவர்கள் இறங்கி, ஏறியவர்கள் ஏறி, வண்டி மறுபடி நகரும்வரை அந்தக் கேள்வி என்னை நெருடிக்கொண்டே இருந்தது.